மீன் குடிபுகுமுன்

குளத்து மீனுக்கு நீரைப் பற்றிய கவலை இல்லை. அது உண்பதும் கழிப்பதும் ஒரே நீரில் நிகழ்ந்தபோதிலும் அந்நீர் எளிதில் கெடுவதில்லை. அடியிலுள்ள சேறு கழிவில் ஒரு பங்கை ஏற்கும். கரையோரத்துக் கோரையும் அல்லியும் ஒரு பங்கை உண்ணும். காற்று அலையெழுப்பிப் பிராணவாயுவைக் கலந்து தரும். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வந்து பழைய நீரைத் தள்ளிச் செல்லும். அம்மீனைப் போன்ற ஒன்றைக் கொணர்ந்து வீட்டுக் கூடத்தில் நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் விட்டால் அங்கே சேறும் இல்லை, அல்லியும் இல்லை, மழையும் இல்லை. குளம் தானே செய்துவந்த வேலையெல்லாம் அன்று முதல் வளர்ப்பவருடைய வேலையாகிவிடுகிறது. இதனை அறிந்து தொட்டி வாங்குவோர் சிலரே.

சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். அங்குள்ள கடைகளில் தொட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும்; நீரும் காற்றும் அடைத்த பைகளில் செம்மீனும் கருமீனும் துள்ளும். விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் செல்லும் ஒரு குடும்பம் கண்ணாடித் தொட்டி, வண்ணக்கல், காற்றுப் பம்பு, பிளாஸ்டிக் செடி, எட்டு மீன் ஆகிய அனைத்தையும் ஒரே மாலையில் வாங்கிவருவது வழக்கமான காட்சி. இரவு எட்டு மணிக்குள் குழாய்நீர் நிரம்பிவிடும். ஒன்பது மணிக்குள் மீன்கள் உள்ளே இறங்கிவிடும். பிள்ளைகள் உறங்க மறுத்துத் தொட்டியின் முன்னே அமர்ந்திருப்பர்.

மூன்றாம் நாள் நீர் கழுநீர்போல் வெளுக்கும். நான்காம் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும். அதனைப் பசியென்று கருதி மேலும் ஒரு பிடி உணவு இடுவர். ஒரு வாரத்திற்குள் ஒரு மீன் மிதக்கும். அடுத்த நாள் இரண்டு. கடைக்காரர் நோயுற்ற மீனை விற்றுவிட்டார் என்பார் ஒருவர். "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்பார் மற்றொருவர். வீட்டிற்கு வரவிருந்த தீங்கைத் தான் ஏற்றுக்கொண்டு மீன் உயிர்விட்டது என்று ஆறுதல் கூறும் பெரியவர்களும் உண்டு. அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனைக் கேட்டபின் எவரும் நீரைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் புதிய மீன்கள் அதே நீருக்கே வந்து சேர்கின்றன. வெளியிலிருந்து வந்த தீங்கு எதுவும் அங்கில்லை. மீன்கள் தாம் வெளிவிட்ட நஞ்சாலேயே மாண்டன.

அந்நஞ்சின் பெயர் அம்மோனியா. உணவிலுள்ள புரதம் உடலில் செரித்து எஞ்சும்போது மனிதர் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கின்றனர். மீன்களோ பெரும்பாலும் அதனை அம்மோனியாவாகவே செவுள்களின் வழியாக நீரில் விட்டுவிடுகின்றன. உண்ணாது எஞ்சிய உணவும், அழுகும் இலையும், இறந்துகிடக்கும் உயிரும் மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அது செவுளைப் புண்ணாக்கும். நீரில் மிகுந்துவிட்டால் உடலிலுள்ளதை வெளியேற்றவும் மீனால் இயலாது. காரத்தன்மை மிகுந்த நீரிலும் வெப்பமான நீரிலும் அதன் கொடுமை ஏறும். நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவில் நிற்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. இவ்வளவு கொடிய பொருளுக்கு நீரில் நிறம் இல்லை. தொட்டிநீர் பளிங்குபோல் தெளிந்திருக்கையில் மீன் மடிவதற்குக் காரணம் இதுவே.

அவ்வாறாயின் நெடுநாள் இருந்துவரும் தொட்டிகளில் மீன்கள் எங்ஙனம் நலமாக வாழ்கின்றன? இவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. அதில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் பங்கு உண்டு.

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராயும் முறையை 1832-ஆம் ஆண்டிலேயே சிசிலித் தீவில் ழான் வில்ப்ரே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி கையாண்டார். வீட்டுத் தொட்டிக்கு வழிவகுத்த சோதனையைச் செய்தவர் இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர். அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். செடி பிராணவாயுவைத் தரும். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். ஆகவே நீரை மாற்ற வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கலாயிற்று. வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின, கலம் தெளிந்தது. இச்செய்தியை அவர் 1850-இல் வேதியியற் கழகத்தின் முன் வைத்தார். மூன்றாண்டுகளில், 1853-இல், இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கெனத் தனி இல்லம் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 'அக்குவேரியம்' என்னும் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். சொல்லும் பொருளும் வீடுதோறும் பரவின. சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் பொதுமக்களுக்காக மீன்காட்சிச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. அது இன்று இல்லை.

வாரிங்டனின் கணக்கில் பிராணவாயு இருந்தது, கரியமிலவாயு இருந்தது, அம்மோனியா இல்லை. அவரை அறியாமலே அவருடைய கலத்து மணலில் வேறு சில வேலையாட்கள் பணிசெய்துகொண்டிருந்தனர்.

அவ்வேலையாட்களைக் காட்டிய சோதனை மீனுக்காகச் செய்யப்பட்டதன்று. சாக்கடை நீருக்காகச் செய்யப்பட்டது. 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புத் தூளையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். நாள்கள் சென்றன, உள்ளே சென்ற அம்மோனியா மாறாமல் அப்படியே வெளியே வந்தது. ஏறத்தாழ இருபது நாள் கழிந்தபின் வடிந்த நீரில் நைட்ரேட்டு தோன்றலாயிற்று. பின்னர் அம்மோனியா அறவே மறைந்தது. மாற்றம் வெறும் வேதியியல் வினையாயின் முதல்நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ? இருபது நாள் எதற்காகக் காத்திருந்தது? ஐயம் தீர, உயிர்களை மயக்கும் குளோரோபார்ம் ஆவியைக் குழாயினுள் செலுத்தினர். நைட்ரேட்டு நின்றுவிட்டது. ஆவியை நீக்கி, மண் கழுவிய நீர் சிறிது ஊற்றினர். சில நாளில் நைட்ரேட்டு மீண்டும் வந்தது. மணலில் உயிர் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்னும் இடத்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இச்சோதனையைத் தொடர்ந்தவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் பெயருடைய இன்னொருவர். தங்கமீன் வளர்த்த வாரிங்டனின் மகன் அவர். நிலத்துப் பயிருக்கு நைட்ரேட்டு எங்ஙனம் கிடைக்கிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அம்மோனியா ஒரே தாவலில் நைட்ரேட்டு ஆவதில்லை. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டு ஆக்குகிறது. பிறிதொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டு ஆக்குகிறது என்று அவர் கண்டார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞரே அதனைச் செய்து முடித்தார். தந்தையின் கலத்தில் மறைந்திருந்ததை மகன் வயல்மண்ணில் தேடிக் கண்டது நேர்ந்த விதம் வியப்புக்குரியது. இவ்வாராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டு படிகளையும் தானே செய்யும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015-இல்தான் உறுதியாயிற்று. அவ்வாண்டு அத்தகைய உயிர்களைக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று மீன் வளர்ப்புக் கூடத்தின் வடிகட்டியாகும்.

இடைப்படியான நைட்ரைட்டும் நஞ்சே. அது குருதியில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் செம்பொருளைப் பழுதாக்குகிறது. செந்நிறக் குருதி பழுப்பாகிறது. நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. இறுதியில் வரும் நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. அளவாக இருக்கும்வரை மீன்கள் அதனைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே புதுத் தொட்டியை மீனுக்கு ஏற்றதாக்குவது என்பது, கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்களை முதலில் குடியேற்றுவதேயாகும். கண்ணாடியும் கல்லும் ஒரு நாளில் அமைந்துவிடும். இதற்கு வேண்டுவது வாரக்கணக்கு.

தொட்டி பெரிதாயிருத்தல் நன்று. சிறு தொட்டி எளிது, பெருந்தொட்டி கடிது என்று புதியவர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு சிட்டிகை உணவு மிகுந்து அழுகினால், 5 லிட்டர்க் கிண்ணத்தில் அது கேடு. 50 லிட்டர்த் தொட்டியில் அது சிறு தவறு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி ஒரு வீட்டுக்குத் தக்கது. கல்லிட்டு, மேலே சிறிது இடம் விட்டு நிரப்பினால் அதில் ஏறத்தாழ 45 லிட்டர் நீர் நிற்கும். நீர் மட்டுமே 45 கிலோ எடை. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவுக்கு மேற்படும். ஆடும் மேசை இதனைத் தாங்காது. தாங்கியை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அதன்மேல் தெர்மக்கோல் தகடு ஒன்றை விரித்துத் தொட்டியை அமர்த்தினால் அடிக்கண்ணாடி விரிசல் காணாது. நீர் நிறைந்த தொட்டியை எக்காரணம் கொண்டும் தூக்கி நகர்த்தலாகாது. ஆதலின் இடத்தை முன்னரே தேர்ந்துகொள்ளல் வேண்டும். வெயில் நேரே விழும் சன்னலோரம் ஆகாது. நீர் சூடேறும், கண்ணாடியில் பச்சைப்பாசி படரும்.

புதுத் தொட்டியைச் சோப்பினால் கழுவுதல் கூடாது. இடுக்குகளில் ஒட்டிய சோப்பு எத்தனை முறை அலசினாலும் முற்றும் போவதில்லை. வெறும் நீரே போதும். ஒரு நாள் முழுவதும் நீர் நிரப்பி வைத்துக் கசிவு பார்த்தபின், பருமணலோ சிறு கூழாங்கல்லோ ஓரிரு அங்குல உயரம் பரப்பலாம். வாளியில் இட்டு, வடிக்கும் நீர் தெளியும்வரை அரிசி களைவதுபோல் களைய வேண்டும். கல்லின்மேல் சில துளி எலுமிச்சம்பழச் சாற்றை விட்டுப் பார்ப்பதும் நல்லது. நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு உண்டு. அது நீரைக் கடினமாக்கிக் காரத்தன்மையை உயர்த்தும். கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் அழகே எனினும் அவற்றாலும் இதே விளைவுதான்.

அடுத்தது நீர். நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும். மனிதருக்கு நோய்தரும் கிருமியைக் கொல்வதற்காக இட்ட அப்பொருள் மீனின் செவுளையும் சுடும். குடியேற்ற விரும்பும் நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால், அல்லது காற்றுக் குழலை உள்ளே விட்டுக் குமிழிகளை ஓடவிட்டால் குளோரின் நீங்கிவிடும். சில ஊர்களில் குளோரினுக்கு மாற்றாகக் குளோரமீன் என்பதைக் கலப்பர். பெயரில் மீன் இருப்பினும் அது மீனுக்குப் பகை. திறந்து வைப்பதால் எளிதில் போவதும் இல்லை. ஒளிப்படம் கழுவுவோர் 'ஹைப்போ' என்று வழங்கிய சோடியம் தயோசல்பேட்டு குளோரினை உடனே முறிக்கும். மீன்கடைகளில் விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் உள்ளதும் அதுவே. ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தின் அடியிலிருந்து வருவதால் அதில் பிராணவாயு குறைவு, பல இடங்களில் உப்பு மிகுதி. அதனையும் ஒரு நாள் காற்றாட விட்டே பயன்படுத்தல் வேண்டும். வடிகட்டிப் பொறியில் உப்பனைத்தும் நீக்கிய குடிநீர் தூயதாயிற்றே என்று அதனை மட்டும் நிரப்புவது தவறு. உப்பு அறவே இல்லாத நீரில் மீனின் உடல் தன் உப்பை இழந்து வாடும்.

தொட்டிக்குள் இடும் கருவிகளுள் முதன்மையானது வடிகட்டி. சிறு தொட்டிக்கு, காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதுமானது, விலையும் குறைவு. குமிழிகள் மேலெழும்போது நீர் பஞ்சின் வழியே இழுக்கப்பட்டு அழுக்கு அதில் தங்குகிறது. அழுக்கைத் தடுப்பதே அதன் பயன் என்று பலர் கருதுவர். அதனினும் பெரிய பயன் வேறு. பஞ்சின் எண்ணற்ற நுண்துளைகளே அந்நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் இல்லம். அவற்றுக்கு உணவு அம்மோனியா, மூச்சுக்குப் பிராணவாயு. பம்பை இரவில் நிறுத்தி வைத்தால் நீரோட்டம் நின்று அவை திணறும். மீன் உறங்குகிறது, மின்சாரம் வீணாகிறது என்று எண்ணும் சிக்கனம் இங்கே பொருந்தாது. பம்பு தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். கீழே இருந்தால் மின்தடை நேரும்போது நீர் குழல்வழியே திரும்பிவந்து பம்பினுள் புகும். மின்கம்பி சுவர்ச் செருகிக்குச் செல்லுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விட்டால், கம்பிவழி வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும்; செருகியை அடையாது. தொட்டிக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டிய பழக்கம்.

செடிகளுள் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் எளிதில் வளர்வன. பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலின் அடியில் வைக்கும் ஹைட்ரில்லாவே அது. செடிகள் பகலில் பிராணவாயு தருவதோடு அம்மோனியாவையும் நேரே உறிஞ்சிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் செடி வாடாது என்பது மெய். அது வேறெதுவும் செய்யாது என்பதும் மெய்.

எல்லாம் அமைந்து, நீரும் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போதுதான் கடினமான பகுதி வருகிறது. தொட்டி ஆயத்தமாகத் தோன்றும். உள்ளே மீன் இராது. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை வெற்றுத் தொட்டியில் இட வேண்டும். அது அழுகி அம்மோனியா பிறக்கும். அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகும். இவை ஏனைய பாக்டீரியாக்களைப்போல அரைமணி நேரத்தில் இரட்டிப்பன அல்ல. ஒருமுறை இரட்டிக்கவே பல மணிநேரம், சில வேளைகளில் ஒரு நாளும் அதற்கு மேலும், எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் நீர் வெளுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை, அழுகலை உண்ணும் வேறுவகைப் பாக்டீரியா பெருகியதன் அடையாளம் அது, தானே தெளியும்.

நீரின் நிலையை அறியச் சோதனைத் துளிகள் கடைகளில் கிடைக்கின்றன. சிறு குழாயில் தொட்டிநீரை எடுத்துத் துளிகளை விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் அம்மோனியா ஏறும். பின்னர் அது இறங்கத் தொடங்க, நைட்ரைட்டு ஏறும். இறுதியில் அதுவும் இறங்கி நைட்ரேட்டு மட்டும் நிற்கும். இட்ட உணவின் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகவே இருக்கும் நாளில் தொட்டி ஆயத்தமாயிற்று எனலாம். இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். நலமாக ஓடும் பழைய தொட்டி உள்ள நண்பர் இருப்பின் அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை உலரவிடாமல் கொணர்ந்து புதிய வடிகட்டியுடன் வைத்தால் காலம் பெரிதும் குறையும். மண் கழுவிய நீரை ஊற்றிய அப்பிரெஞ்சு அறிஞர்கள் செய்ததும் இதுவேயன்றோ?

ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்திருக்கும் பொறுமை சிறுவர்க்கு ஏது என்று கேட்கலாம். நாள்தோறும் நிறத்தை ஒப்பிட்டுக் கோடிட்ட தாளில் அளவைக் குறிக்கும் பொறுப்பைச் சிறுவரிடமே கொடுத்துவிட்டால், மீன் வருமுன்பே அத்தொட்டி அவர்களுடையதாகிவிடும். அம்மோனியாக் கோடு இறங்கும் நாளில் அவர்கள் கொள்ளும் மகிழ்ச்சி மீன் வாங்கும் நாளின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

மீனைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். புதியவர் முதலில் விரும்புவது தங்கமீன். அது ஓரடிக்கும் நெருங்கி வளரக்கூடியது, கழிவு மிகுதி, குளிர்ந்த நீர் விரும்பி. உருண்டைக் கிண்ணத்தில் அதனை வைப்பது பழைய வழக்கமே தவிர நல்ல வழக்கமன்று. 45 லிட்டர்த் தொட்டிக்குக் கப்பி, பிளாட்டி போன்ற சிறு மீன்கள் ஏற்றவை. சென்னையின் வெப்பத்தில் அவற்றுக்கு நீர்சூடேற்றி வேண்டுவதில்லை. உதகையிலோ கொடைக்கானலிலோ வேண்டும். முட்டையிடாமல் குஞ்சுகளாகவே ஈனும் இனங்களாதலின் எண்ணிக்கை விரைவில் பெருகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கேரளத்து மலையாறுகளில் வாழ்வதாய், செந்நிறக் கோட்டுடன் விளங்கும் டெனிசன் பார்பு என்னும் மீன் மிக அழகியது. 'மிஸ் கேரளா' என்றும் அதற்குப் பெயர். அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. தொட்டிகளுக்காக ஆறுகளில் அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. குளிர்ந்து விரைந்தோடும் நீர் அதன் பிறப்பிடம். கூடத்துச் சிறுதொட்டி அதற்குச் சிறையே.

'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் கூறி விற்கும் தென்னமெரிக்க மீனும் உண்டு. கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டும். இது தொட்டியைத் தூய்மை செய்யும் என்பது பாதி உண்மை; அது கழிக்கும் கழிவு அது தின்னும் பாசியினும் மிகுதி. சிறுவிரல் அளவில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளர்ந்ததும், இடம் போதாமல் ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். கொல்ல மனமின்றிச் செய்யும் இச்செயல் கொலையினும் கொடிது. முள்ளும் ஓடும் போர்த்த அம்மீனைத் தின்ன இங்கே பகை இல்லை. நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி மண்மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மீனவர் வலையிழுத்தால் உண்ணத்தகாத அதுவே சிக்கி வலையைச் சிதைக்கிறது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், நீர்நிலையில் விடலாகாது.

மீன் வீடு வந்த நாளில் பையை அவிழ்க்காமல் தொட்டிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்பு வாயைத் திறந்து, தொட்டிநீரைச் சிறிது சிறிதாக அதனுள் ஊற்றி மேலும் கால்மணி சென்றபின், கைவலையால் மீனை மட்டும் எடுத்து உள்ளே விட வேண்டும். பைநீரைத் தொட்டியில் கொட்டக்கூடாது. முதல்நாள் விளக்கு வேண்டா, உணவும் வேண்டா. முதலில் இரண்டு அல்லது மூன்று மீனே போதும். நுண்ணுயிர்களின் தொகை உணவின் அளவுக்கே இருக்கும். எட்டு மீனை ஒரே நாளில் விட்டால் அவற்றின் பெருக்கம் ஈடுகொடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம்.

பின்னர் மீன்களுக்கு வரும் துன்பங்கள் பெரும்பாலும் அன்பினாலேயே வருவன. கண்ணாடி அருகே எவர் வந்தாலும் மீன் ஓடிவந்து வாய் திறக்கும். அதனைக் கண்டு பாட்டி ஒரு சிட்டிகை, பேரன் ஒரு சிட்டிகை, மாமா ஒரு சிட்டிகை என்று இடுவர். மீன் குளிர்குருதி உயிர். தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவைச் செலவிட வேண்டுவதில்லை. ஆதலின் மிகக் குறைந்த உணவே அதற்குப் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒருவர் மட்டுமே இடுதல் வேண்டும்.

மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு. மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் கவிழ்த்து, கல்லைத் தேய்த்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெயிலில் உலர்த்திப் புதுநீர் நிரப்புவதைப் பல வீடுகளில் பெருமையுடன் செய்கின்றனர். தொட்டி அன்று கடையில் கண்டதுபோலவே பளபளக்கும். ஆறு வாரம் காத்திருந்து குடியேற்றிய உயிர்கள் அனைத்தும் சாக்கடைக்குப் போயிருக்கும். மறுநாள் அத்தொட்டி மீண்டும் புதுத் தொட்டியே. ஒரு வேறுபாடு, இம்முறை மீன்கள் உள்ளே இருக்கின்றன. "வாரந்தோறும் சுத்தம் செய்கிறோம், அப்படியும் சாகிறது" என்று வருந்துவோரின் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை ரப்பர்க் குழாயால் அடியிலிருந்து இழுத்து வாளியில் வடித்து, குளோரின் நீங்கிய நீரை அதே வெப்பத்தில் மெல்ல ஊற்றினால் போதும். கல்லிடையே தங்கிய அழுக்கும் அதனுடன் வந்துவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால் வடித்தெடுத்த அவ்வாளி நீரிலேயே இரண்டுமுறை அமுக்கி அலசி உடனே திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடியின் முன்பக்கத்துப் பாசியைத் துடைத்துவிட்டு, பின்பக்கத்துப் பாசியை அப்படியே விட்டுவிடலாம். மீன்கள் அதனை ஓயாது கொறித்துக்கொண்டிருக்கும்.

வாளியில் எஞ்சிய கலங்கல் நீரில் நைட்ரேட்டு நிறைந்துள்ளது. முற்றத்து மல்லிகைக்கோ மாடியிலுள்ள கறிவேப்பிலைக்கோ அதனை ஊற்றலாம். மீனுக்கென உப்போ மருந்தோ இட்ட வாரமாயின் அந்நீர் செடிக்கு ஆகாது.